லீக்ஸ் மூட்டையும் கொள்ளுப்பிட்டி பஸ்ஸும்

எங்கள் தோட்டத்துப் பாதையில் ஓடிய பஸ்களை ஒன்றுவிடாமல் வரிசையாகச் சொல்ல என்னால் முடியும். எது எந்தப் பருவத்தில் வந்தது, எந்த மழையோடு நின்றுபோனது, அதற்கடுத்து எது வந்தது என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். அரசர்களின் வரிசையைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்துச் சம்பளம் வாங்குகிறேன். ஆனால் அந்த அரசர்கள் ஒருவராலும் எங்கள் மலைக்கு நல்லதோ கெட்டதோ நடந்ததாகத் தெரியவில்லை. பஸ்களால் இரண்டும் நடந்திருக்கின்றன.

அந்த வரிசையில் மிகக் கேவலமானது எது என்று கேட்டால் யோசிக்காமல் சொல்வேன். எரிபொருள் வரிசைகள் ஓய்ந்ததற்கு அடுத்த வருடம், மாசி மாதத்து ஒரு திங்கட்கிழமை வந்த நீல நிற பஸ். திங்கட்கிழமை என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கொட்டகலையில் நான் படிப்பிக்கும் பாடசாலையில் திங்கட்கிழமைக் காலைக்கூட்டம் என் பொறுப்பு. அன்று கூட்டம் கலைந்து, பிள்ளைகள் வகுப்புக்குப் போன பிறகுதான் நான் கொட்டகலையில் இறங்கினேன்.

எங்கள் குடியிருப்பு லிந்துலைக்கு மேலே இருக்கிறது. தோட்டத்தின் உச்சிப் பிரிவு; மேக்கணக்கு என்பார்கள். காலையில், ஆட்களுக்கு வேலை பிரித்துக் கொடுக்கிற பெரட்டுக்களத்துக்குப் பக்கத்திலிருந்து ஒரு பஸ் புறப்பட்டு, தேயிலைக்குள் வளைந்து வளைந்து இறங்கி, தலவாக்கலை, கொட்டகலை வழியாக ஹட்டனுக்குப் போகும். மாலையில் அதே பஸ் திரும்பும். அதை விட்டால் முச்சக்கரவண்டி. முச்சக்கரவண்டி என்பது எங்கள் லயங்களில் பிரசவத்துக்கும் சாவுக்கும் பிடிக்கிற வாகனம்.

நீல பஸ்ஸுக்கு முன்பு ஓடியது குட்டையான, மூக்கு நசுங்கிய பழைய பஸ். அழகில்லை, இருக்கைகளில் பஞ்சு இல்லை, மழை பெய்தால் உள்ளே குடை பிடிக்க வேண்டும். ஆனால் அதன் உடம்பு எங்கள் பாதைக்கு அளந்து தைத்தது போல இருந்தது. பின்னால் ஒரு கதவும், அதையொட்டி இருக்கை கழற்றிய வெற்றிடமும் உண்டு. அந்த இடத்தில் அக்காவின் மூட்டைகள் போகும்.

அக்கா என்று நான் சொல்வது எங்கள் லயத்து வரிசை வீடுகளில் கடைசிக் காம்பராவில் இருப்பவரை. தோட்டத்தில் பேர் வெட்டுப்பட்டு வேலை போன பிறகு, லயத்துக்குப் பின்னால் உள்ள சரிவைக் கொத்தி லீக்ஸும் பீட்ரூட்டும் போட்டார். வாரத்தில் மூன்று நாள் மூட்டைகளோடு தலவாக்கலைச் சந்தைக்கு இறங்குவார். அந்த வீட்டில் அடுப்பு எரிவது அந்த மூட்டைகளால்தான். பஸ்ஸில் மூட்டை ஏறவில்லையென்றால் லீக்ஸ் சரிவிலேயே முற்றி வெடிக்க வேண்டியதுதான். முச்சக்கரவண்டிக்குக் கொடுத்துவிட்டு மிச்சம் வைக்கிற அளவுக்கு லீக்ஸுக்கு என்றைக்குமே விலை இருந்ததில்லை.

பழைய பஸ்ஸை விற்றுவிட்டு நீல பஸ்ஸைக் கொண்டுவந்தவர் அதன் சொந்தக்காரர். ஹட்டனில் கடையும் வைத்திருக்கிறார். முதலாளி என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். கொழும்புக்குள், கொள்ளுப்பிட்டிப் பாதையில் ஓடிக் களைத்த வண்டியை வாங்கி, வெளிப்புறம் புதிதாக வர்ணம் அடித்து அனுப்பியிருந்தார். முன்நெற்றியில் ஊர்ப்பெயர் ஓடுகிற மின்பலகையை மாற்றுவது எப்படி என்று யாருக்கும் தெரியவில்லை. அதனால் மேக்கணக்கின் பனிமூட்டத்துக்குள், இரண்டு பக்கமும் கொழுந்து பறிக்கிற பெண்கள் நிமிர்ந்து பார்க்க, அது "கொள்ளுப்பிட்டி, கொள்ளுப்பிட்டி" என்று சிவப்பு எழுத்தில் ஓடவிட்டபடி வந்து நின்றது.

வரவேற்பு விழா நடந்தது. டயருக்கு எலுமிச்சம்பழம் வைத்தார்கள். தோட்டத் தலைவர் மாலையோடு நின்றார். தலைவர் என்றால் தொழிற்சங்கத்தின் தோட்டக் கமிட்டிக்குத் தலைவர். கொழுந்து நிறுக்கும் இடத்தில் எடை குறைத்தால் கேட்காதவர். ஒலிபெருக்கி வைத்தால் முதல் ஆளாக வருகிறவர்.

"இந்த பஸ்ஸு டவுனுக்குள்ளயும் ஓடும், தூரப் பயணமும் போவும்," என்றார் ஒலிபெருக்கியில். "ரெண்டுக்கும் சேத்து ஒரே வண்டியா செஞ்சிருக்காங்க. நம்ம தோட்டத்துக்கு இது ஒரு சரித்திரம்!"

கைதட்டினார்கள். நான் தட்டவில்லை. டவுனுக்குள் ஓடுவதற்காக அதன் வயிற்றைத் தரையோடு இறக்கியிருந்தார்கள், கிழவிகள் சுலபமாக ஏற. தூரப் பயணத்துக்காக அதை நீளமாக்கி, பக்கவாட்டில் அடியில் பெட்டி வைத்து, மூடி போட்டிருந்தார்கள், சூட்கேஸ் வைக்க. டவுனுக்கான தொங்குபிடிகள் கம்பியிலிருந்து வரிசையாக ஆடின. தூரப் பயணத்துக்கான திரைச்சீலைகள் ஜன்னலில் எண்ணெய்ப் பிசுக்கோடு தொங்கின. நின்று வருகிறவன் தலையில் பிடி இடிக்கும். உட்கார்ந்து வருகிறவன் முகத்தைத் திரை துடைக்கும். இரண்டு வேலைக்கும் ஆகும் என்று செய்த பொருளைப் பார்த்தால், செய்தவனுக்கு இரண்டு வேலையும் தெரியாது என்று எனக்குத் தோன்றும். இது டவுனுக்கும் தூரத்துக்கும் நடுவே உள்ள எதற்கும், குறிப்பாக மலைக்கு, ஆகாத வண்டி.

அக்காவுக்குத்தான் முதலில் விளங்கியது. பஸ்ஸைச் சுற்றி வந்து பார்த்துவிட்டுக் கேட்டார்:

"என்னாங்க டீச்சர், பின்னாடி கதவக் காணோம்?"

"முன்னாடி மட்டுந்தான் அக்கா. காத்துல தொறக்குமாம்."

"என் மூட்ட எங்குட்டுப் போறதாம்?"

கண்டக்டர் பெருமையாக அடிப்பெட்டியின் மூடியைத் தூக்கிக் காட்டினார். "இந்தா, டிக்கி! ஒங்க லீக்ஸு இனிமே ஏசி இல்லாத ரூம்ல தனியாப் போவும்."

"மூட்டைக்கு ரூமு, எனக்குத் தொங்குபுடி. நல்லாத்தான் இருக்கு," என்றபடி அக்கா மூட்டைகளை உள்ளே தள்ளினார்.

முதல் சவாரியிலேயே அது முனி வளைவில் மாட்டியது. அந்த வளைவில் ஒரு மரத்தடியில் முனியாண்டியின் கல் இருக்கிறது. பாதைக்குக் குறுக்கே ஓடையைக் கடத்துகிற மதகு ஒன்றும் இருக்கிறது. மதகு எப்போதோ தாழ்ந்து, மேலே தாரைக் கொட்டிக் கொட்டி, இப்போது அந்த இடம் ஆமை முதுகு போலப் புடைத்திருக்கும். பழைய பஸ் குட்டையானது, ஏறி இறங்கிவிடும். நீல பஸ்ஸின் முன்சக்கரம் மேட்டைத் தாண்டியது, பின்சக்கரம் இன்னும் வரவில்லை, நடு வயிறு மேட்டில் உட்கார்ந்தது. அடியில் இரும்பு தேய்ந்த சத்தத்தில் எனக்குப் பல் கூசியது.

இதற்குக் காரணம் என்ன என்பது வரலாறு படித்தவளுக்கு மட்டுமல்ல, கண் உள்ள எவருக்கும் தெரியும். வண்டி நீளம், வயிறு தாழ்வு, மேடு உயரம். ஆனால் பஸ்ஸுக்குள் எழுந்த முதல் குரல் இது:

"முனிக்குக் குடுக்கலல்ல? அதான்!"

உடனே எல்லோருக்கும் எல்லாம் புரிந்துவிட்டது. பழைய பஸ்ஸில் அந்த இடம் வந்தால் டிரைவர் ஹோர்ன் அடிப்பார். கண்டக்டர் பின்கதவில் தொங்கியபடியே கல்லை நோக்கி ஒரு சில்லறையை வீசுவார். நீல பஸ்ஸின் கதவு காற்றில் மூடிக்கொள்வது, வழியில் திறக்காது. ஆக, முனி கோபித்துக்கொண்டு பஸ்ஸின் வயிற்றைப் பிடித்துக்கொண்டார். விழாவில் எலுமிச்சம்பழம் வைத்ததும் பெரட்டுக்களத்தில்தானே, வளைவில் இல்லையே என்று ஒருவர் ஆதாரம் காட்டினார். என் மாணவர்கள் பரீட்சையில் இவ்வளவு வேகமாகக் காரணகாரியத்தை இணைத்தால் நான் மகிழ்ந்திருப்பேன்.

டிரைவர் ஜாக்கி வைத்து, சக்கரத்தடியில் கல் செருகி ஒருவாறு வண்டியை விடுவித்தார். அந்த வாரமே கமிட்டி கூடி, முனிக்குக் கோழி வெட்டியது. தலைவர் முன்னின்று நடத்தினார். மறுநாள் பஸ் முனி வளைவைத் தட்டாமல் தாண்டியது. பஸ்ஸுக்குள் குலவை போட்டார்கள். தலைவர் எழுந்து நின்று எல்லோரையும் திரும்பிப் பார்த்தார், தான் நீந்தித் தாண்டியது போல.

அது போயா தினம், பௌர்ணமி விடுமுறை. பாடசாலை இல்லை, கடை இல்லை, கந்தோர் இல்லை. பஸ்ஸில் இருந்ததெல்லாம் தலைவரின் ஆட்களும், ஹட்டன் ஆஸ்பத்திரியில் ஒரு நோயாளியைப் பார்க்கப் போன நானும், இன்னும் சில பேரும்தான். பாரம் இல்லாததால் வண்டி கொஞ்சம் உயர்ந்து நின்றது, அவ்வளவுதான். நான் அதைத் தலைவரிடம் சொன்னேன்.

"டீச்சர், நீங்க படிச்சவங்க," என்றார் அவர், எனக்கு ஏதோ நோய் இருப்பதுபோல. "சில விசயம் படிப்புல இல்லீங்க."

அடுத்த வேலைநாளில் பஸ் நிரம்பியது. வயிறு மேட்டில் உட்கார்ந்தது. இப்போது அவர்கள் என்ன சொல்வார்கள் என்று நான் ஆவலோடு காத்திருந்தேன். நெடுநேரம் காக்க வைக்கவில்லை.

"வெட்டுனது என்னா கோழி?" என்று பின்னாலிருந்து ஒரு பெண் கேட்டார்.

"கோழிதான்," என்றார் தலைவர்.

"நாட்டுக்கோழியா, பிராய்லரா?"

தலைவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்.

"டவுன்ல வாங்குன பிராய்லரு! முனி என்ன, ரெஸ்டூரண்டுல சாப்புடுற ஆளா?"

சிரிப்பு அடங்கவே இல்லை. டிரைவருக்கும் சிரிப்பு. பஸ் மட்டும் நகரவில்லை. கடைசியில் தள்ளுவதற்காக எல்லோரும் இறங்கினோம். இறங்கியதுமே, யாரும் கை வைக்காமலே, பஸ் அதன் ஸ்பிரிங் வில்லில் நிமிர்ந்து மேட்டைத் தாண்டிப் போய்விட்டது. தள்ளத் தயாராகக் கைகளை நீட்டியபடி ஒரு கூட்டம் வெறும் காற்றைப் பிடித்துக்கொண்டு நின்றது.

அன்றிலிருந்து அது முறையாகிவிட்டது. முனி வளைவு வந்தால் பஸ் நிற்கும், கதவு புஸ்ஸென்று திறக்கும், எல்லோரும் இறங்குவோம். பஸ் காலியாக வளைவைத் தாண்டி நிற்கும். நாங்கள் நடந்து போய் மறுபடி ஏறுவோம். மாலையில் மேலே வரும்போதும் அப்படியே. சம்மட்டியும் கடப்பாறையும் எடுத்து அந்த மேட்டைச் சீவினால் முடிந்தது. ஆனால் தோட்டத்தைக் கேட்டால் பாதை பிரதேச சபையுடையது. பிரதேச சபையைக் கேட்டால் தோட்டத்துடையது. கமிட்டியைக் கேட்டால் முனியின் இடத்தில் கடப்பாறை போடக்கூடாது. ஆக மேடு மேடாகவே இருந்தது. மனிதர்கள்தான் மாறிக்கொண்டார்கள். டிக்கெட் எடுத்துவிட்டு நடப்பதைப் பற்றி ஒருவரும் வெட்கப்பட்டதாகத் தெரியவில்லை. "எங்க பஸ்ஸுல போனா காலைல எக்ஸசைஸும் ஆவுது" என்று லிந்துலையில் ஒருவர் பெருமை பேசியதை இந்தக் காதால் கேட்டேன்.

வைகாசி பிறந்து தென்மேற்கு மழை பிடித்தது. முனி வளைவில் சேறு, வழுக்கல், புல்லிலிருந்து ஏறுகிற அட்டை. பெருமை கரைந்தது. இனி ஒரு குற்றவாளி வேண்டும். முதலாளியைச் சொல்ல முடியாது. கோபித்துக்கொண்டு பஸ்ஸை நிறுத்திவிடுவார். முனியைச் சொல்லிப் பார்த்தாயிற்று. நாட்டுக்கோழியும் வெட்டிப் பார்த்தாயிற்று. மிச்சம் இருந்தது அக்கா.

"பஸ்ஸு வயிறுதான தட்டுது?" என்றார் தலைவர் ஒருநாள் காலை, ஈரக்காலை உதறிக்கொண்டே. "வயித்துக்குள்ள யாரு மூட்ட இருக்கு?"

பஸ் முழுவதும் திரும்பி அக்காவைப் பார்த்தது. அத்தனை பேரும் அவருடைய லீக்ஸைக் குழம்பு வைத்துச் சாப்பிட்டவர்கள்.

"ஒரு பஸ்ஸு ஆளு ஏறி ஒக்காந்திருக்கீங்க," என்றார் அக்கா. "என் நாலு மூட்டதான் பாரமா?"

"நாங்க மேல இருக்கோம். ஒன் மூட்ட அடில இருக்கு. அடில இருக்குறதுதான தட்டும்?"

இதற்குப் பலர் தலையாட்டினார்கள். ஏழாம் வகுப்பு விஞ்ஞானம் படித்த பெண்ணொருத்தியும் ஆட்டினாள். அவளுக்கு வரலாறு கற்பித்தது நான், விஞ்ஞானம் அல்ல என்று ஆறுதல் சொல்லிக்கொண்டேன்.

கமிட்டி முதலாளிக்குச் சொல்லியனுப்பியது. அடுத்த சந்தை நாளுக்கு அவரே வந்தார், காலில் வெள்ளைச் சப்பாத்தோடு. அடிப்பெட்டியின் மூடி நசுங்கியிருந்ததைத் தடவிப் பார்த்து, பிள்ளைக்கு அடிபட்டதுபோல முகத்தைச் சுளித்தார்.

"மூட்டைய நிப்பாட்டுங்க. எல்லாஞ் சரியாப் போவும்," என்றார். "இது சொகுசு வண்டி. காய்கறி லொறி இல்ல."

"அப்ப நான் எப்புடிங்க சந்தைக்குப் போறது?" என்றார் அக்கா. "வேற வண்டி இல்லீங்களே. இத நிப்பாட்டுனா நான் கொத்துனதெல்லாம் மண்ணுக்குள்ளயே கெடக்கணும்."

"அது எனக்குத் தெரியாதும்மா."

அக்கா கெஞ்சவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு, "சரிங்க மொதலாளி. இன்னிக்கி மட்டும் வளவு வரைக்கும் ஏத்திக்கிறேன். அங்கன எறக்கி வச்சிர்றேன். நீங்க எல்லாரும் ஒக்காந்தபடியே தாண்டுங்க. தாண்டிட்டா, நாளையிலருந்து மூட்ட வராது. ஒத்துக்கிறீங்களா?" என்றார்.

முதலாளி தலைவரைப் பார்த்தார். தலைவர் தலையாட்டினார். தான் சொன்னதையே நம்புகிற தலைவர்கள் ஆபத்தானவர்கள் என்று நான் பல புத்தகங்களில் படித்திருக்கிறேன். ஒருமுறையாவது அதனால் ஒரு நன்மை விளையும் என்று எதிலும் படித்ததில்லை.

முனி வளைவில் பஸ் நின்றது. மழை தூறிக்கொண்டிருந்தது. கண்டக்டர் இறங்கி மூட்டைகளைத் தூக்கிப் பாதையோரம் வைத்தார். அக்கா மூட்டைகளுக்குப் பக்கத்தில் கோணிச்சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு நின்றார். நானும் இறங்கி நின்றேன். அந்தப் பஸ்ஸுக்குள் இருந்து அவமானப்பட எனக்கு இஷ்டமில்லை. மற்ற எல்லோரும் நெடுநாளைக்குப் பிறகு கால் நனையாமல் தாண்டப்போகிற மகிழ்ச்சியில் உட்கார்ந்திருந்தார்கள். முதலாளி முன்னிருக்கையில். தலைவர் அவருக்குப் பக்கத்தில்.

டிரைவர் கியரைப் போட்டார். முன்சக்கரம் மேட்டில் ஏறி இறங்கியது. பிறகு அந்த இரும்புச் சத்தம். பஸ் ஒரு பெருமூச்சு விட்டு, மேட்டின்மேல் உட்கார்ந்தது.

அக்கா முன்ஜன்னலுக்குக் கீழே போய் நின்று, அண்ணாந்து கேட்டார்:

"மொதலாளி, இப்ப வயித்துக்குள்ள என்னாங்க இருக்கு?"

தலைவர் தொண்டையைச் செருமி, "மூட்ட ஏறியிருந்த தோசம் இன்னும் போவலங்க" என்று ஆரம்பித்தார்.

"நீங்க கொஞ்சம் சும்மா இருங்க," என்றார் முதலாளி. அந்தத் தோட்டத்தில் பல காலமாக யாராவது சொல்லியிருக்க வேண்டிய வார்த்தை; முதலாளி வாயில் வந்ததுதான் வருத்தம். "எறங்குங்க எல்லாரும்."

கதவு புஸ்ஸென்று திறந்தது. முதலில் வெள்ளைச் சப்பாத்து சேற்றில் இறங்கியது. பின்னால் ஒவ்வொருவராக, குடைகளும் சாப்பாட்டுப் பெட்டிகளுமாக, அக்காவின் முகத்தைப் பார்க்காமல் இறங்கினார்கள். பஸ் வில்லில் நிமிர்ந்தது. டிரைவர் கிளப்பப் போனார்.

"கொஞ்சம் நில்லுங்கண்ணே," என்றார் அக்கா. கண்டக்டரிடம் திரும்பி, "மூட்டைய ஏத்துங்க தம்பி" என்றார்.

கண்டக்டர் முதலாளியைப் பார்த்தார்.

"ஏத்தச் சொல்லுங்க மொதலாளி. தட்டுனா நானே எறக்கிக்கிறேன்," என்றார் அக்கா. "என் மூட்டைக்குக் காலில்லீங்க. ஒங்க எல்லாருக்கும் இருக்கு."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். முதலாளி கையை அசைத்தார். நான்கு மூட்டைகளும் அடிப்பெட்டிக்குள் போயின, மூடி விழுந்தது. பஸ் மெல்ல உருண்டது. வயிற்றுக்கும் மேட்டுக்கும் நடுவே ஒரு விரல் நுழையும் இடைவெளி இருந்திருக்கும். ஒரு சத்தமும் இல்லாமல் அக்காவின் லீக்ஸ் முனி வளைவைத் தாண்டி, அந்தப் பக்கம் போய் நின்றது.

நாங்கள் வரிசையாக நடக்கத் தொடங்கினோம். முதலாளி கணுக்காலில் ஏறிய அட்டையைப் பிடுங்கக் குனிந்தார். அட்டை இழுபட்டது, விடவில்லை. மூட்டையை நிறுத்துவதைப் பற்றி அன்றும் பிறகும் எவரும் வாயைத் திறக்கவில்லை. மேட்டைச் சீவுவதைப் பற்றியும் எவரும் வாயைத் திறக்கவில்லை என்பதையும் இங்கே பதிந்துவிடுகிறேன். வளைவில் நனையாமல் நிற்பதற்கு ஒரு தகரக் கொட்டகை போடலாமா என்று கமிட்டி ஆலோசிப்பதாகப் பின்னர் கேள்விப்பட்டேன்.

அக்கா எங்களுக்கு முன்னால் நடந்துகொண்டிருந்தார். தலைவர் எட்டி நடந்து அவருக்குப் பக்கத்தில் போனார். சமாதானம் பேசுவதற்கு அவருக்கு வேறு வழி தெரியவில்லை போல.

"நீ மட்டுமாச்சும் மூட்டையோட ஏறி ஒக்காந்து வந்திருக்கலாமே புள்ள. எதுக்கு நனையுற?"

"வேணாங்க," என்றார் அக்கா, திரும்பாமலே. "ஆளு ஏறுனா அந்த பஸ்ஸு தட்டும். உள்ள என் லீக்ஸு இருக்கு."